முதல் விடை என்னுடையதுதான்

அநியாயம் நடந்தது எனக்குத்தான், அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பாதிக் கதையைக் கேட்டுவிட்டு நீங்களும் அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். ஜெசிந்தா என் உயிர்ச் சிநேகிதி. எனக்கு எதிர்க் கட்டிலில் படுத்துத் தூங்கியவள். என் சோப்பில் குளித்தவள், என் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனவள். அவளுடைய அம்மா சாகக் கிடந்ததை என்னிடம் அவள் சொல்லவில்லை. செத்த அன்றைக்கும் சொல்லவில்லை. செத்த பிறகும் சொல்லவில்லை. விடுதி ஆபீசில் ஒரு கிளார்க் அம்மா, கையில் வெங்காய வடையை வைத்துக்கொண்டு, "உனக்குத் தெரியாதாட்டி? நீங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுல்லா திரிவீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுத்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சொல்லுங்கள், இது துரோகமா இல்லையா?

இருங்கள், இந்தப் பையை மேலே வைத்துவிடுகிறேன். தூத்துக்குடி வரைக்கும்தானே? நானும் அங்கேதான். திரேஸ்புரத்தில் அவள் வீட்டுக்குப் போகிறேன். நேருக்கு நேர் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். ஏன் சொல்லவில்லை? அதற்கு அவள் பதில் சொல்லியே ஆக வேண்டும். காலையில் மெசேஜும் அனுப்பிவிட்டேன், இந்த பஸ்ஸில் வருகிறேன் என்று. பதில் இல்லை. ஒரு மாதமாகவே பதில் இல்லை, இன்றைக்கு மட்டும் வந்துவிடுமா?

எங்களைச் சேர்த்து வைத்தது குறுக்கெழுத்து, அக்கா. சிரிக்காதீர்கள். நீங்கள் நினைக்கிற மாதிரி வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் 'யானைக்கு இன்னொரு பெயர்' என்று போடுவார்களே, அது இல்லை. அது குழந்தை விளையாட்டு. எங்களுடையது வேறு. ஒரு குறிப்பு இருக்கும். பார்த்தால் சாதாரண வாக்கியம் போல, ஏதோ நடந்ததைச் சொல்வது போல இருக்கும். ஆனால் அது சொல்கிற கதை பொய். உங்களை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போவதற்காகவே எழுதப்பட்டது. நிஜமாக அதற்குள் இரண்டு துண்டுகள் இருக்கும். ஒரு துண்டு விடையின் பொருள். இன்னொரு துண்டு விடையைச் செய்கிற வழி. எழுத்தைத் திருப்பிப் போடு, இதில் பாதியை எடு, அதைக் கழித்துவிடு என்று சொல்லிக்கொடுக்கும். அந்த இரண்டையும் பிரித்துவிட்டால் விடை உள்ளங்கையில் விழுந்துவிடும். வாக்கியம் சொல்கிற கதைக்கு நாங்கள் மேல்தோல் என்று பெயர் வைத்திருந்தோம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான்: மேல்தோலைப் பார்க்காதே, உரித்துத் தூரப் போடு.

ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுப்பேன். எங்கள் வாட்ஸப் குழுவுக்கு 'நாலு கட்டம்' என்று பெயர். ஆளுக்கு ஒரு மாதம் முறை வரும். முறைக்காரர் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு குறிப்பு போட வேண்டும். விடையைக் குழுவில் போடக் கூடாது, முறைக்காரருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். சாயங்காலம் அவர் விடையைச் சொல்லி, முதலில் அனுப்பியவர் பெயரை மேலே போடுவார். பெருமைக்காகச் சொல்லவில்லை, அக்கா, மேலே இருப்பது பெரும்பாலும் சுடரொளி. அது நான்தான். எங்கள் அப்பா யூனியன்காரர், அதனால் இப்படி ஒரு பெயர்.

ஜெசிந்தா அப்படி இல்லை. அவளுக்கு விடை வரும், ஆனால் மெதுவாக வரும். வந்த பிறகும் விடமாட்டாள். "இருட்டி, இன்னொரு தடவ வாசிக்கேன்" என்பாள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஏதோ ஜெபம் சொல்வது மாதிரி அந்த வரியை வாசிப்பாள்.

"அதான் விடை வந்துட்டே, இன்னும் என்னத்த வாசிக்க?" என்பேன் நான்.

"நல்லாருக்குல்லா, சுடரு. எழுதினவங்க இதை எங்க இருந்து எடுத்திருப்பாங்க?"

"அகராதியில இருந்து."

"போட்டி, லூசு" என்பாள்.

அவளுக்குக் கடற்பாசியில் ஆராய்ச்சி. எனக்குச் சமூகவியல். பீடி சுற்றுகிற பெண்களிடம் அவர்கள் குறைகளைக் கேட்டுப் பதிவு செய்கிற வேலை. மனிதர்கள் சொல்வதைக் கேட்பது எப்படி என்று எனக்கு ஒரு தாளே உண்டு. அதில் நான்தான் வகுப்பில் முதல். அதனால் எனக்குக் கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

போன ஆடி மாதம் அவளுடைய முறை. அதே மாதத் தொடக்கத்தில்தான் ஊருக்குப் போனாள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, போய்ட்டு வந்துருதேன்" என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள், அக்கா. இதை யார்தான் சொல்வதில்லை? விடுதியில் லீவு எழுதிக் கொடுக்கிற எல்லாருக்கும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல்தான் போகிறது. நானே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், எங்கள் அம்மா அங்கே மாவாட்டிக்கொண்டிருக்க. சிறுநீரகம் போய்விட்டது, வாரத்துக்கு இத்தனை தடவை பெரியாஸ்பத்திரியில் மிஷினில் படுக்க வேண்டும், அவர்களுக்கு இவளை விட்டால் வேறு யாரும் இல்லை என்று விவரமாகச் சொல்ல வேண்டாமா? அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, அம்மாவும் மகளும்தான். அது எனக்குத் தெரியும். தெரியாதது சொல்லாதது மட்டும்தான்.

அந்த மாதம் எனக்கு எப்படிப்பட்ட மாதம் என்று நீங்கள் கேட்கவில்லையே. விடுதி கேட்டைப் பெண்களுக்கு மட்டும் ஆறரைக்கே பூட்டுகிறார்கள், பையன்களுக்குப் பூட்டே கிடையாது. இது என்ன நியாயம்? கையெழுத்து வாங்கினேன். கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தோம். வார்டன் என்னைப் பார்த்து "உங்க அப்பா வளத்த லட்சணம்" என்றாள். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா... சரி, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, அந்த நேரத்தில் ஜெசிந்தா சில தடவை போன் செய்தாள்.

"சுடரு, பேசலாமாட்டி?"

"பேசு பேசு. நல்ல நேரத்துல கூப்பிட்ட. வார்டன் இன்னைக்கு என்ன செஞ்சா தெரியுமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றுகூட ஒளிக்கவில்லை. பதிவாளரைப் பார்த்தது, அவர் தண்ணீர்கூடக் கொடுக்காதது, எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் யார் யார் பயந்து எழுந்து போனார்கள் என்பது, எல்லாம். அவள் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் ஏதோ மிஷின் சத்தம் கேட்டது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும்.

"என்னட்டி, பேங்க்ல நிக்கியா? டோக்கன் கூப்பிடுதாங்க?"

"ஆமா, டோக்கன்தான்" என்றாள். பாருங்கள். பொய். என்னிடம் பொய். அப்புறம், "சரிட்டி, வைக்கட்டா?" என்று அவளேதான் வைத்தாள். நான் வைக்கவில்லை. ஒரு தடவைகூட நான் முதலில் வைத்ததில்லை, வேண்டுமானால் போனில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குறிப்பு மட்டும் தவறாமல் வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த மாதம் அவள் போட்டவை, அக்கா, அவள் வாழ்க்கையிலேயே சிறந்தவை. இன்னொருத்தர் எழுதியிருந்தால் பொறாமையே வந்திருக்கும்.

அவள் ஊருக்குப் போன வாரத்தில் ஒன்று, 'பாதத்தைப் பிடித்தபடியே விடியும் பொழுது'. இரண்டு எழுத்து. யோசியுங்கள். வரவில்லையா? பாதம் என்றால் கால். பாதத்தை என்றால் காலை. விடியும் பொழுதும் காலை. காலை! அவ்வளவுதான். பல் தேய்த்துக்கொண்டே கண்டுபிடித்தேன். நுரையோடு டைப் செய்து அனுப்பினேன், ஆறு மணி ஆகி ஒரு நிமிஷம்கூட இருக்காது. சாயங்காலம் என் பெயர்தான் மேலே.

அதுவாவது லேசானது. அடுத்தது கேளுங்கள். 'திருப்பித் திருகு, ரத்தம் வரும்'. மூன்று எழுத்து. இதில் என்ன அழகு என்றால், திருகு என்ற சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரைக்கும் திருப்பி வாசியுங்கள். கு, ரு, தி. குருதி! ரத்தம்! அப்படியே தலைகீழ். இத்தனை நாள் இந்த இரண்டு சொல்லும் ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது யாருக்காவது தெரியுமா? எனக்கு மெஸ்ஸில் இட்லி தொண்டையில் நின்றுவிட்டது. எழுந்து நின்று கை தட்டினேன். எல்லாரும் கேட் திறந்துவிட்டார்கள் போல என்று நினைத்துக் கூடத் தட்டினார்கள். சாயங்காலம் குழுவில் எழுதினேன்: இந்த வருஷத்தின் சிறந்த குறிப்பு இதுதான், இதைப் போட்ட மூளைக்கு வணக்கம். பதிலுக்கு அவள் ஒரு கும்பிடு பொம்மை போட்டாள். வேறொன்றும் எழுதவில்லை. வழக்கமாக எப்படிக் கண்டுபிடித்தாள், எங்கே உட்கார்ந்திருந்தபோது தோன்றியது என்று எழுதுவாள். அன்றைக்கு எழுதவில்லை.

என்ன அக்கா, கண்ணைத் துடைக்கிறீர்கள்? உங்கள் வீட்டுக்காரருமா? அதே மிஷின்தானா? அடடா. எந்த ஆஸ்பத்திரியில்... இருங்கள், ஒரு நிமிஷம், இதை முடித்துவிடுகிறேன், நடுவில் விட்டால் எனக்குக் கோர்வை போய்விடும். அப்புறம் நீங்கள் சொல்லுங்கள், கட்டாயம் கேட்கிறேன்.

மூன்றாவது, கேளுங்கள். 'அம்மாவுக்கு அடுத்துப் பாதி நோவு, ஆராய்ச்சி'. மூன்று எழுத்து. பழைய தமிழில் ஆய் என்றால் தாய். நோவு என்ற இரண்டு எழுத்தில் பாதி, வு. சேர்த்தால் ஆய்வு. ஆராய்ச்சி! இது கொஞ்சம் நேரம் எடுத்தது. பதிவாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. அனுப்பினேன். 'சரி' என்று வந்தது. 'நீதான் முதல்' என்றும் வந்தது. நான் ஒரு கட்டைவிரல் போட்டேன். அந்த வாரத்தில்தான் அவள் ஆராய்ச்சியை நிறுத்தி எழுதிக் கொடுத்தாளாம். அதையும் அந்த வெங்காய வடை அம்மாதான் சொன்னாள்.

வல்லநாடு வந்துவிட்டதா? ஆற்றில் தண்ணீரே இல்லை, பாருங்கள்.

இப்போது நான் சொல்லப்போகிறதில்தான் எல்லாம் கெட்டுப்போனது. மாதத்தின் கடைசி வாரம். காலை ஆறு மணி. குறிப்பு வந்தது. எனக்கு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது: 'பிறந்தகத்தில் இன்று தாய் இல்லை, மோட்சம்'. இரண்டு எழுத்து.

அக்கா, அப்படிப் பார்க்காதீர்கள். நீங்கள் விளையாட்டு தெரியாதவர், அதனால் மேல்தோலைப் பார்க்கிறீர்கள். நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. பிறந்தகம் என்றால் தாய்வீடு. அதில் தாய் இல்லை, கழித்துவிடு. மிச்சம் வீடு. மோட்சத்துக்கு இன்னொரு பெயர் வீடு. கணக்கு சரியாகிவிட்டது. கண் விழித்துப் போர்வையைத் தள்ளுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. 'இன்று' எதற்கு? நல்ல குறிப்பில் ஒரு சொல்கூட வீணாக இருக்கக் கூடாது. எல்லாச் சொல்லும் உழைக்க வேண்டும், அது எங்கள் குழுவின் சட்டம். இந்த 'இன்று' பொருளிலும் இல்லை, வழியிலும் இல்லை. சும்மா நின்றது. சாயங்காலம் விடை வந்ததும் குழுவில் எழுதினேன். கோபமாக எழுதவில்லை, நியாயமாகத்தான் எழுதினேன். "இந்தக் குறிப்பில் 'இன்று' உபரி. எந்த வேலையும் செய்யவில்லை. அதை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. ஜெசிந்தாவிடம் இதை எதிர்பார்க்கவில்லை. விளக்கம் தர வேண்டும்." நிறையப் பேர் கட்டைவிரல் போட்டார்கள். யாரும் தப்பு என்று சொல்லவில்லை.

குறை சொன்னால் முறைக்காரர் பதில் சொல்ல வேண்டும், அதுவும் சட்டம். அவள் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் 'ஜெசிந்தா வெளியேறினார்' என்று வந்தது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? தனியாக எழுதினேன். இது என்னட்டி சின்னப்பிள்ளைத்தனம், விமர்சனத்தைத் தாங்க முடியாதவர்கள் கட்டம் போட வரக் கூடாது என்று எழுதினேன். நீலக் கோடு விழுந்தது. வாசித்துவிட்டாள். பதில் இல்லை. மறுநாள் கொஞ்சம் நீளமாக எழுதினேன், என் வாதத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து. நீலக் கோடு. அப்புறம், நீ சரி, நான் தப்பு என்றே வைத்துக்கொள்வோம், வந்து சண்டையாவது போடு என்று எழுதினேன். அதற்கும் நீலக் கோடுதான். அவள் கட்டிலில் வார்டன் வேறொரு பெண்ணைப் போட்டுவிட்டாள். அந்தப் பெண் நாள் முழுக்க போனில் மிட்டாய் உடைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போதும் காலையில் குறிப்பு வருகிறது, விடை கண்டுபிடித்ததும் பழக்கத்தில் எதிர்க் கட்டிலைப் பார்க்கிறேன். அந்தப் பெண், "என்ன அக்கா, சார்ஜர் வேணுமா?" என்கிறாள்.

எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். நான் அழுதால் சத்தம் வராது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் ஆபீசில் அந்த அம்மா சொன்னது. கடைசிக் குறிப்பு வந்த அன்றைக்குச் சாயங்காலம்தான் அடக்கமாம்.  வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, குழுவில் யாருக்காவது சொல்ல வேண்டுமே என்று நாகர்கோவில் டாக்டருக்குப் போன் போட்டேன். டாக்டர் கிறிஸ்துதாஸ், பல் டாக்டர். எங்கள் குழுவிலேயே மக்குப் பிளாஸ்திரி என்றால் அவர்தான். பல்லைத்தான் பிடுங்கத் தெரியும், விடையைப் பிடுங்கத் தெரியாது என்று நானே அவரைக் கேலி செய்வேன், அவரும் சிரிப்பார். அவருடைய பெயர் விடைப் பட்டியலில் வந்தாலே அது விசேஷம்.

"டாக்டர், ஒரு கெட்ட செய்தி. நம்ம ஜெசிந்தாவோட அம்மா தவறிட்டாங்க."

"தெரியும்மா" என்றார். "அடக்கத்துக்கு நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம்."

"நீங்களா? உங்களுக்கு யாரு சொன்னா?"

"அந்தப் பிள்ளதான் சொல்லிச்சு. மொத வாரமே சொல்லிச்சு."

எனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவளுடைய முகத்தைக்கூட நேரில் பார்க்காத மனிதர்! "உங்ககிட்ட மட்டும் எதுக்குச் சொன்னா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"நான் கேட்டேன், சொல்லிச்சு."

"எப்படிக் கேக்கத் தோணிச்சு?"

 மனிதர் சொன்னார். "பாதத்தைப் பிடித்தபடியே விடியும் பொழுதுன்னு ஒண்ணு போட்டிருந்துல்லா? எனக்கு விடை வரல்ல, மோளே. மத்தியானம் வரைக்கும் வரல்ல. ஒருத்தருக்குக் கடவாய்ப்பல்லு எடுத்துட்டு இருக்கேன், அப்பவும் அதுதான் மனசுல ஓடுது. வேற வழியில்லாம திரும்பத் திரும்ப வாசிச்சேன். வாசிக்க வாசிக்க, ஒரு ஆளு கட்டிலுக்குக் கீழ உக்காந்து இன்னொரு ஆளோட பாதத்தைப் பிடிச்சிட்டு விடிய விடிய முழிச்சிருக்கது மாதிரியே இருந்து. சாயங்காலம் போன் போட்டு, யாரோட பாதம்மா அதுன்னு கேட்டேன். பொலபொலன்னு அழுதுட்டு. அம்மைக்குக் கால் வீங்கிப் போச்சு, பிடிச்சிட்டே இருந்தாத்தான் உறங்குவாங்கன்னு சொல்லிச்சு."

கேட்டீர்களா, அக்கா? விடையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, யாரோட பாதம் என்று கேட்டிருக்கிறார்! அப்போதும் அவருக்கு விடை வரவில்லை. அதற்கப்புறம் அவள் குழுவில் விடையைப் போட்ட பிறகுதான் தெரிந்துகொண்டாராம்.

"அடக்கத்தன்னைக்கும் குறிப்பு போட்டாளே, டாக்டர். அன்னைக்காவது விட்டிருக்கலாம்லா?" என்றேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். காலம்பற பெட்டி வரதுக்கு முன்னால போட்டிருக்கு. 'முறைன்னா முறைதான் டாக்டர், சுடர் ஆறு மணிக்கே போனைப் பாத்துட்டு இருப்பா'ன்னு சொல்லிச்சு."

நான் போனை வைத்துவிட்டேன். முதல் தடவையாக, சொல்லாமல் கொள்ளாமல் நானே வைத்தேன்.

நீங்களே சொல்லுங்கள், இது எந்த ஊர் நியாயம்? அம்மாவைப் பெட்டியில் வைக்கிற நேரத்திலும் நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று ஞாபகம் இருந்திருக்கிறது. என்னிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஞாபகம் வரவில்லை. அந்த மாதம் முழுக்க என்னைவிட அவளுடைய எழுத்தை நுணுக்கமாகப் பார்த்தவர் யார்? ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பார்த்தேனே. டாக்டருக்கு விடை தெரியவில்லை, அதனால் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எனக்கு விடை தெரிந்தது, அதனால் விஷயம் தெரியவில்லை. அப்படியென்றால் விடை கண்டுபிடித்தது என் குற்றமா? விளையாட்டை விளையாட்டாக ஆடியது குற்றமா? மேல்தோலை நம்பக் கூடாது என்று அவளுக்கும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன், அவள் தலையை ஆட்டினாளே! அதற்குள் கொண்டுபோய் அம்மாவை வைத்தால், நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? வாயைத் திறந்து, சுடரு, எங்க அம்மா செத்துட்டு இருக்கான்னு ஒரே ஒரு வாக்கியம். அதில் எந்த எழுத்தையும் திருப்ப வேண்டாம், கழிக்க வேண்டாம்.

நான் ஓடி வந்திருப்பேன், அக்கா. கேட்டாவது வார்டனாவது, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வந்திருப்பேன். ராத்திரி அவள் தூங்கட்டும் என்று அவள் அம்மாவின் இன்னொரு காலை நான் பிடித்துக்கொண்டிருந்திருப்பேன். நம்புகிறீர்களா இல்லையா?  ஏதாவது சொல்லுங்கள். வீட்டுக்காரரைப் பற்றி என்னவோ சொல்ல வந்தீர்களே. அவர் இப்போது... இருங்கள், இருங்கள், போனில் ஏதோ மெசேஜ் வந்திருக்கிறது.

அவள்தான்.

ஜெசிந்தாதான், அக்கா! பதில் போட்டிருக்கிறாள். இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் பிடியுங்கள். இருங்கள், சத்தமாகவே வாசிக்கிறேன், நீங்களும் கேளுங்கள், யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்:

"சுடரு, உன் மேல கோவம் ஒண்ணும் இல்லட்டி. ஏன் சொல்லலன்னு கேக்கத்தான் வாரன்னா, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அப்படியே பதில் இருந்தாலும் இப்ப அதைச் சொல்லி உங்கூட வாதாட எனக்குத் தெம்பு இல்ல. அம்மா படுத்த கட்டிலை இன்னும் மடக்கல. வந்து அதுல எம்பக்கத்துல கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருப்பியா? அது முடியும்னா வா, மீன் வாங்கி வைக்கேன். முடியாதுன்னா அடுத்த ஸ்டாப்புல இறங்கிருட்டி."